மூடுபனியில் தொரோங் கணவாய்

முக்திநாத், நேபாளம்

அன்புமிக்க நண்பருக்கு,

செம்பனைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் நடுவே, மெலாவத்திக் குன்றையே மலையென்று மதித்து வளர்ந்த மலேசியாவின் நம் அசாம் ஜாவா ஊர்க்காரன் ஒருவன், 5,416 மீட்டர் உயரமுள்ள தொரோங் கணவாயைக் கால்நடையாகவே கடந்து இன்று மாலை க்ஷேமமாக இவ்வூர் வந்து சேர்ந்தான் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். 1997 மே 23-இல் நம் மலேசியரான மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட் சிகரத்தில் நின்ற சாகசத்தோடு இதனை ஒப்பிட்டுவிடாதீர்கள். இது மார்சியாங்டிப் பள்ளத்தாக்கிலிருந்து காலி கண்டகிப் பள்ளத்தாக்குக்கு இடையர்களும் வியாபாரிகளும் போய்வந்த பழைய வழிதான்.

நண்பகலை ஒட்டிக் கணவாயில் காற்று மூர்க்கமாக எழுந்துவிடும் என்பதால், அடிவாரத்து விடுதியில் விடியுமுன்பே எழுப்பிவிட்டார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளில் நின்ற கூட்டத்தைக் கண்டபோது பால்மரக் காலத்தில் தோட்டத் தொழிலாளர் விடியுமுன் கூடிய பெரட்டுக்களம் ஞாபகத்துக்கு வந்தது. வேலையை மேற்பார்க்கும் தண்டலின் அதட்டல் ஒன்றுதான் குறை.

பொழுது விடிந்து வெளிச்சம் வந்ததேயன்றிக் காட்சி வரவில்லை. சுமத்ராவிலிருந்து நம் ஊருக்கு வரும் புகைமூட்டத்தில் கண் எரியுமே தவிரக் காலுக்கு வழி தெரியும். இங்கோ மேலும் வெண்மை, கீழும் வெண்மையாய், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதையே மூச்சிரைப்பைக் கொண்டு அனுமானிக்கவேண்டியிருந்தது. அந்த மூச்சிலும் கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழப் பாதிதான். வழிநெடுக நட்டிருந்த கம்பங்களே கதி. அடுத்த கம்பம் தென்படாத இடங்களில், எங்களை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு வழிகாட்டி தாம் மட்டும் முன்சென்று, அதைக் கண்ட பின்பே குரல் கொடுத்தார்.

அவருடைய ஜாக்கிரதைக்குக் காரணம் உண்டு. 2014 அக்டோபர் 12-இல் விசாகப்பட்டினத்தருகே கரையேறிய ஹூட்ஹூட் புயல், வலுவிழந்தும் ஈரம் குறையாமல் வடக்கே வந்து, இரண்டே நாளில் இம்மலைகளின்மேல் பெரும் பனியாகக் கொட்டியது. இப்பிரதேசத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உச்சியிலிருந்து முக்திநாத்தை நோக்கி இறங்கும்போது வழிதவறியவர்கள் அவர்களுள் பலர். நம் பாட்டன்மார் கப்பலேறிக் கடந்த அதே வங்கக் கடல், இத்தனை உயரத்திலும் உயிர்ப்பலி கொண்டது என்பதை நினைக்க எனக்குத் திகைப்பாகவே இருக்கிறது.

உச்சியில் மந்திரக்கொடிகளும் ஒரு தேநீர்க்கடையும் உண்டு. தேநீர் விலை அதிகம், ருசி சொற்பம். அப்பால் ஆயிரத்தறுநூறு மீட்டர் இறக்கம். முழங்கால்களின் புலம்பலை எழுதிப் பயனில்லை. பாதி வழியில் மூடுபனி விலக, மழை மறைவுப் பிரதேசமான முஸ்தாங்கின் வறண்ட கபில நிற மலைகள் எதிரே விரிந்தன.

திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமம் இந்த முக்திநாத் தலமே என்பது வைணவர் கொள்கை. பௌத்தருக்கும் இது புண்ணிய க்ஷேத்திரம். இங்குள்ள 108 நீர்த்தாரைகளிலும் பக்தர்கள் ஸ்நானம் செய்கிறார்கள். பனி உருகிய அந்த ஜலத்தை நான் சிரசில் தெளித்துக்கொண்டதோடு சரி. என் பக்தி அவ்வளவே.

தாங்கள் வருவதாயின், கணவாய்க்கு முன்னால் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள மனாங்கில் இரண்டு இரவாவது தங்கி, உடலைப் பழக்காமல் மேலே ஏறவேண்டாம். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டார் வழிகாட்டியுடனேயே நடக்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்; அச்செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். வங்கக் கடலில் புயல் என்று காதில் விழுந்தால், வானம் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் மனாங்கைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

தங்கள் அன்பன்