அதுபாட்டுக்கு வளரட்டுமே! தேவதானப்பட்டி கொல்லைகளில் ஒரு சுற்று

வத்தலக்குண்டில் இருந்து பெரியகுளம் போகும் சாலையில் காட்ரோடு என்றொரு பிரிவு வரும். வலது பக்கம் திரும்பினால் கொடைக்கானல் மலை. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் அங்கேயே திரும்பிவிடும். திரும்பாமல் நேரே போனால் தேவதானப்பட்டி.

இங்கே இறங்கும் வெளியூர்க்காரர்கள் அநேகமாக மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலுக்கு வந்தவர்களாக இருப்பார்கள். இந்தக் கோயிலில் கருவறைக் கதவு திறப்பதில்லை. அடைத்த கதவுக்குத்தான் பூஜை. மஞ்சளாற்று வெள்ளத்தில் மிதந்து வந்த பெட்டியைக் கரையோர மூங்கில் புதர் அணை போலத் தடுத்து நிறுத்தியது, அதனால் மூங்கிலணை என்பது தலவரலாறு. ஒரு புதரை அம்மன் பெயரோடு சேர்த்துக் கும்பிடுகிற ஊர்!

அந்த ஊரில் செடிகொடியை அதன் போக்கில் விட்ட கொல்லைகளைத் தேடுவது பொருத்தம்தானே?

மலைக்கு மேலே கொடைக்கானலில் பிரையண்ட் பூங்கா இருக்கிறது. 1908-ல் வனத்துறை அதிகாரி பிரையண்ட் அமைத்தது. பாத்தி பிரித்து, நிறம் பிரித்து, ஓரம் வெட்டி, ஒரு செடிகூட வரிசை தாண்டாது. மே மாத மலர்க் கண்காட்சிக்கு அங்கே கூட்டம் அள்ளும். அழகுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் அதற்குப் பின்னால் எத்தனை ஆள், எவ்வளவு தண்ணீர்! அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு வீட்டில் தோட்டம் போடுகிறவர்கள்தான் மூன்றாவது மாதமே சோர்ந்துபோகிறார்கள்.

அடிவாரத்து ஊர்களின் பழைய வீட்டுக் கொல்லை வேறு ரகம். யாரும் வரைபடம் போட்டு அமைத்ததில்லை. தண்ணீர் போன பக்கம் செடி போயிருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் வாழையும் சேம்பும் கல்வாழையும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தென்னை. வேலியில் கோவைக்கொடியும் முடக்கத்தானும் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு கிடக்கும். குப்பைக்குழி ஓரத்தில் தக்காளியும் பூசணியும் தானாக முளைக்கும். பறவை போட்ட விதையில் ஒரு பப்பாளி நடுவழியில் நிற்கும். காய்க்கிற வரைக்கும் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

முருங்கை இல்லாத கொல்லை அபூர்வம். பக்கத்து ஊரான பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து 1989-ல் வெளியான ரகம்தான் பி.கே.எம்.1 முருங்கை. பெரியகுளத்தின் பெயரைத்தான் அந்த மூன்று எழுத்தும் சுமக்கின்றன. விதை போட்ட ஆறு மாதத்தில் காய்க்கிற செடிமுருங்கை அது.

மழை விழுந்ததும் மற்றவையும் எழுந்துவிடும். அந்திமந்தாரை தன் கறுப்பு விதைகளைத் தானே உதிர்த்து, தானே முளைக்கும். துளசியும் அப்படித்தான். தண்ணீர் பட்டதும் படீரென்று வெடிக்கும் பட்டாஸ்காயை எச்சில் தொட்டு வெடிக்காத பிள்ளைகள் ஒரு காலத்தில் உண்டா? மண்ணோடு படரும் மூக்கிரட்டை, மணத்தக்காளி, குப்பைக்கீரை எல்லாம் விதைக்காமலே குழம்புக்கு வந்து சேரும். குப்பைமேனியின் வேர் வாசனைக்குப் பூனைகள் மயங்கிப் புரளும். அதற்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர்.

இந்த 'விட்டுப்பிடிக்கிற' தோட்டத்துக்கு உலகம் முழுக்க இப்போது ஆதரவு கூடுகிறது. அயர்லாந்துக்காரரான வில்லியம் ராபின்சன் 1870-லேயே, அச்சில் வார்த்த மாதிரியான மலர்ப்பாத்திகளுக்கு எதிராகக் காட்டுத்தோட்டம் பற்றிப் புத்தகம் எழுதினார். ஜப்பானின் மசானபு ஃபுகுவோகா நிலத்தை உழாமல், ரசாயனம் போடாமல் விளைவித்துக் காட்டி, 1988-ல் மகசேசே விருது பெற்றார். தமிழ்நாட்டில் நம்மாழ்வார், உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் மண்ணுக்குப் போர்வையாகப் போடச் சொல்லி ஊர் ஊராக நடந்தார். மூடாக்கு என்ற சொல் மாடித்தோட்டம் வரை வந்திருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மூடிய மண்ணில் ஈரம் சீக்கிரம் போகாது. மண்புழு மேலே வரும். தினமும் வாளி தூக்க வேண்டாம்.

இன்னொரு லாபம் பறக்கிறது. கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் நசுக்கிவிடாதீர்கள். எலுமிச்சை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் சின்னப் புழுவாக இருக்கலாம். வளர்ந்ததும் பச்சையாக மாறும். பத்து இலை போகும், அவ்வளவுதான். வேலியோர எருக்கை வெட்டாமல் விட்டால் வெந்தய வரியன் முட்டையிட வரும். அகலமான இலை உள்ள செடி ஒன்று கலையாமல் நின்றால் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டும். ஆனால், முருங்கைத் தண்டில் கும்பலாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியிடம் இந்தக் கருணை வேண்டாம். மேலே பட்டால் அரிப்பு உயிரை எடுக்கும்.

'புதர் வளர்ந்தால் பாம்பு வராதா?' வீட்டில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. சுவரை ஒட்டியும் நடக்கிற பாதையிலும் புல் உயரக் கூடாது. விறகு, செங்கல், ஓடு என்று குவித்து வைத்தால் எலி வரும். எலி பின்னால்தான் பாம்பு வரும். தேங்காய்ச் சிரட்டையில் நிற்கும் மழைத்தண்ணீரில் டெங்கு கொசு வளரும். ஆகவே செடியை விடலாம், சாமானை விடக் கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தேவதானப்பட்டிக்குப் பின்னால் நிற்பது வெறும் மலையல்ல, காடு. அந்த மலைச்சரிவுகளில் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கிற உண்ணிச்செடி நம் ஊர்ச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டுக்குள் போட்டன. இன்று அது மூடிய இடத்தில் ஆடு, மான் மேய்கிற புல்கூடச் சரியாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் வேலிக்குள் ஆசையாக வளர்த்த பூச்செடிதான்! வேலி அதை நிறுத்தவில்லை.

நர்சரிகளில் தரைவிரிப்பு போல விற்கிற மஞ்சள் பூ வெடிலியாவும் இதே ரகம். உண்ணிச்செடி, வெடிலியா இரண்டுமே உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருப்பவை. காட்டை ஒட்டிய ஊரில் இவற்றை வாங்கி நடுவது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்லலாம். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை பாடாய்ப்படுத்தும்.

எதை விடுவது, எதைப் பிடுங்குவது என்பதைப் பழைய கொல்லைக்காரர்கள் யாரிடமும் படிக்கவில்லை. அடுப்புக்கு ஆகுமா, மருந்துக்கு ஆகுமா, ஆடு கடிக்குமா, சாமிக்குப் பூ ஆகுமா என்று பார்த்தார்கள். எதற்கும் ஆகாதது போனது. கீரை பறிக்கப் போன பாட்டியோடு கூடப் போன பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் தெரிந்துவிடும்.

இப்போது புதிதாகக் கட்டுகிற வீடுகளில் காம்பவுண்டு வரைக்கும் சிமென்ட் போட்டுவிடுகிறார்கள். பெருக்குவது சுலபம், மழையில் சேறு இல்லை. வேலைக்குப் போகிற பெண்களிடம் 'கொல்லையைப் பாருங்கள்' என்று உபதேசம் செய்யவும் முடியாது. ஆனால் மழைத்தண்ணீர் வாசல் வழியே தெருவுக்கு ஓடிவிடுகிறது. கூடவே மூக்கிரட்டை எது, கீழாநெல்லி எது என்கிற அடையாளமும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போகிறது. முழுக் கொல்லையும் வேண்டாம். குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மண்ணை விட்டாலே முளைக்க வேண்டியவை முளைத்துவிடும்.

தேவதானப்பட்டிக்கு எப்போது வரலாம்? மகாசிவராத்திரிதான் இங்கே பெரிய திருவிழா. ஆனால் மாசியில் வேலியெல்லாம் காய்ந்து கிடக்கும். செடிகொடி பார்க்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகை சரியான நேரம். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, மதியத்துக்குள் மலைச்சாலையில் டம் டம் பாறை வரை ஏறுங்கள். எதிரே 297 மீட்டர் உயரத்தில் இருந்து எலிவால் அருவி வெள்ளைக் கோடாக விழும். கீழே மஞ்சளாறு அணை தெரியும். இறங்கி வரும்போது, தெருவில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி யாராவது கீரை ஆய்ந்துகொண்டிருந்தால், அது என்ன கீரை என்று கேட்டுப்பாருங்கள். பெயரோடு, கடைவதா பொரிப்பதா என்கிற பக்குவமும் சேர்ந்தே வரும்.