எள், அரப்பு, நாலாம் நாள்: மதுரை எண்ணெய்க் குளியலின் மூலம் தேடி

எண்ணெய்க் குளியல் என்பது உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ போட்டு எண்ணெயைப் போக்கி, வெந்நீரில் முழுகுவது. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள திருமங்கலம், மேலூர், சோழவந்தான், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களிலும் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை இது வாராவாரம் நடந்தது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். இன்று தீபாவளிக் காலையில் மட்டும் அநேகமாக எல்லா வீட்டிலும் நடக்கிறது. மற்ற நாட்களில் உடம்பு அசந்துபோனவர்கள், கையில் காசிருந்தால், ஸ்பாவுக்குப் போகிறார்கள். அங்கும் விலைப்பட்டியலில் முன்னால் நிற்பவை அபியங்கம், சிரோதாரா போன்ற எண்ணெய்ச் சிகிச்சைகள்தாம். இந்தக் குளியல் எங்கிருந்து வந்தது, அதற்கு நாள் குறித்தது யார், ஸ்பாவுக்கும் இதற்கும் என்ன உறவு என்பவையே இந்தத் தேடலைத் தொடங்கிவைத்த கேள்விகள்.

முதலில் வழக்கம். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயைக் காய்ச்சி அதில் மிளகும் சீரகமும் ஒரு வெற்றிலைத் துண்டும் போடுவார்கள். எண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், மணையில் உட்கார்ந்திருப்பவரின் உச்சியில் ஒரு கை வைத்து அரக்கித் தேய்ப்பார்கள். அடுத்து காது மடல், பிடரி, முதுகு, முழங்கால், கடைசியில் உள்ளங்கால். தேய்ப்பவர் அம்மாவோ பாட்டியோ மனைவியோ ஆக இருப்பார். தனக்குத் தானே தேய்த்துக்கொள்வது கணக்கில் சேராது என்று நினைத்த வீடுகள் உண்டு. அரைமணி நேரம் இளவெயிலில் உட்கார வேண்டும். சோறு வடித்த கஞ்சியில் சீயக்காய்த் தூளைக் குழைத்து வைத்திருப்பார்கள். அது எண்ணெயை உடைத்துக்கொண்டு போகும், முடியை வறட்டாது. பிறகு சாம்பிராணிப் புகை. சாப்பாட்டில் மிளகு ரசம் இருக்கும், தயிர் இருக்காது. பகலில் படுக்கக் கூடாது என்பது கண்டிப்பு.

இந்த வரிசையில் எது பழையது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்று பிரிப்பதுதான் தேடலின் முதல் வேலை. கிழமையிலிருந்து தொடங்குவது எளிது. ஆத்திசூடியில் ஔவையார் சனிக்கிழமை நீராடச் சொன்னதாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ஏழு நாள் கொண்ட கிழமை முறையே இந்தியாவில் பிந்தி வந்தது. தேதியோடு கிழமையையும் சொல்லும் மிகப் பழைய இந்தியக் கல்வெட்டாகக் காட்டப்படுவது மத்தியப் பிரதேசத்தின் ஏரண் என்ற ஊரில் உள்ள தூண். குப்த அரசன் புதகுப்தன் காலத்தது, ஆண்டு கி.பி. 484, கிழமை வியாழன். எனவே சனிக்கிழமை எண்ணெய் என்ற ஏற்பாடு எவ்வளவு பழையதாக இருந்தாலும், எண்ணெய் அதற்கும் முந்தியது.

கிழமையைச் சாராத கணக்கு ஒன்று சித்த மருத்துவத்தில் இருக்கிறது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியில், நோய் வராமல் காக்கும் பழக்கங்கள் கால இடைவெளியோடு அடுக்கப்பட்டுள்ளன. வாந்தி மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பேதி மருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை, மூக்கில் விடும் நசியம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, சவரம் அரை மாதத்தில் இரண்டு முறை, எண்ணெய் முழுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும், பகலில் தூங்கக் கூடாது என்பனவும் அங்கேயே உள்ளன. மதுரைப் பாட்டிமார் சொல்லும் கட்டுப்பாடுகள் அப்படியே இவை.

இந்த நாலு நாளையும் கிழமைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பொருத்தம் தெரிகிறது. புதனிலிருந்து சனி நாலாம் நாள். சனியிலிருந்து புதனுக்கு நடுவே மூன்று முழு நாட்கள். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இதே இடைவெளிதான். ஏழு நாள் வாரத்துக்குள் நாலு நாள் முறையைப் பொருத்த வேண்டுமானால் இதைவிட நெருக்கமாகப் பொருத்த முடியாது. வைத்தியர் வகுத்த இடைவெளியைத்தான் பஞ்சாங்கம் கிழமைகளில் முடிந்துவைத்தது என்பது என் ஊகம். நூல் சான்று இதற்கு மேல் பேசவில்லை என்றாலும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி நாள் ஒதுக்கியும் இடைவெளி மட்டும் மாறாமல் இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஆயுர்வேதத்தின் கணக்கு வேறு. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் எண்ணெய் தேய்ப்பதைத் தினசரிக் கடமையாகவே வைக்கிறது. தலை, காது, பாதம் மூன்றிலும் கூடுதலாகத் தேய்க்கச் சொல்கிறது. கபம் மிகுந்தவர், பேதி மருந்து சாப்பிட்டவர், செரிமானம் கெட்டவர் ஆகியோருக்கு வேண்டாம் என்கிறது. ஸ்பாவில் நடக்கும் அபியங்கம் இந்த மரபின் பிள்ளை. மதுரை வீடுகளின் எண்ணெய் நாலு நாள் மரபைச் சேர்ந்தது.

இன்னும் பின்னே போனால் சங்கப் பாட்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவனை வருணிக்கும் இடம் இந்தத் தேடலுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சான்று. அவன் சுருள்முடியில் எண்ணெய் தடவி, தகரம் என்ற மணப்பொருளால் கழுவி, ஈரம் போக விரலால் கோதி, அகில் கட்டையின் புகை ஊட்டியிருக்கிறான். எண்ணெய், கழுவும் பொருள், கோதி உலர்த்தல், புகை என்று நான்கு படிகளும் வரிசை மாறாமல் இருக்கின்றன. தகரம் இருந்த இடத்தில் சீயக்காயும், அகில் இருந்த இடத்தில் சாம்பிராணியும் வந்ததுதான் பின்னால் நேர்ந்த மாற்றம். குளித்தவன் ஆண் என்பதும் கவனிக்கத் தக்கது.

சிலப்பதிகாரம் இதையே செல்வச் செழிப்போடு காட்டுகிறது. கடலாடு காதையில் மாதவியின் கூந்தலை ஆட்டிய நீரில் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை எனப்பட்ட வாசனைச் சரக்குகள் ஊறியிருந்தன. கூந்தலில் வாசநெய் பூசியிருந்தார்கள். குளித்தபின் புகையில் உலர்த்தினார்கள். ஒரு குளியலுக்கு மொத்தம் நாற்பத்தேழு பொருள். ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி குளித்த குளியல் அது. மருந்தும் அலங்காரமும் இன்பமும் ஒரே செயலில் கலந்திருந்த காலம். பிறகு வந்த நூல்கள் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டதும், கதைகள் அலங்காரத்தை எடுத்துக்கொண்டதும் ஒரு பிரிவினை என்றே தோன்றுகிறது.

மதுரைக்கே உரிய பழைய சான்று மதுரைக்காஞ்சியில் வருகிறது. பிள்ளை பெற்ற வளமனைப் பெண்கள் தீட்டு நீங்கிச் சுற்றத்தாரோடு குளத்தில் நீராடுவதை மாங்குடி மருதனார் நகர வருணனையில் சேர்த்திருக்கிறார். நகருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள கீழடி அகழாய்வில் உறைகிணறுகளும் வடிகால்களும் தந்தச் சீப்பும் கிடைத்துள்ளன. எண்ணெய் மண்ணில் தங்குவதில்லை, சீப்பு தங்கும்.

இன்றும் அந்தப் பழைய வரிசையை முழுதாகக் காண வேண்டுமானால் கோயிலுக்குப் போக வேண்டும். மீனாட்சி அம்மனுக்கு மார்கழியில் எண்ணெய்க்காப்பு உற்சவம் நடக்கிறது. மதுரைக்கு வடக்கே அழகர்கோவிலில் ஐப்பசியில் கள்ளழகருக்குத் தைலக்காப்பு. அன்று அழகர் மலையேறி நூபுர கங்கைக்கு எழுந்தருளி, மாதவி மண்டபத்தில் தைலம் சாத்திக்கொண்டு, அந்த ஊற்று நீரிலேயே திருமஞ்சனம் கொள்கிறார். வேறு நீர் அவருக்கு ஆகாது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வரும்போதும் நூபுர கங்கை நீரைத்தான் கொண்டுவருகிறார்கள். தைலம் ஒரு நாள், ஊற்று நீர் அதே நாள், மலைக்காற்று அதே நாள் என்ற இந்த ஏற்பாட்டை ஒரு முழுநாள் ஓய்வாகவே ஊர் பார்க்கிறது. அழகரோடு மலையேறியவர்களும் தீர்த்தமாடித்தான் இறங்குகிறார்கள்.

எண்ணெயின் மூலத்தைத் தேடினால் எள்ளில் போய் நிற்க வேண்டும். எள் பயிராக வளர்க்கப்பட்டது இந்தியத் துணைக்கண்டத்தில்தான் என்பது தாவர ஆய்வாளர்களின் பெரும்பான்மை முடிவு. அதன் காட்டு உறவு இன்றும் மேற்குக் கடற்கரைப் பகுதிகளில் முளைக்கிறது; ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. மதுரைச் சமவெளிக்கு எள் பொருந்தியதற்குக் காரணம் எளிது. குறைந்த ஈரத்தில் விளையும், மானாவாரியிலும் வரும், நெல் அறுத்த வயலில் மாசிப் பட்டத்திலும் வரும். காய் முற்றினால் தானே வெடித்துச் சிந்திவிடும் என்பதால் சற்று முன்னதாகவே அறுத்துப் போர் போட்டு, பிறகு உலுக்குவார்கள். தெற்கே விருதுநகர் நல்லெண்ணெய் வியாபாரத்தில் பேர்பெற்றது கரிசல் மண்ணின் எள் விளைச்சலின் பலத்தில்.

மரச்செக்கில் எள் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு நுட்பம் தெரியும். எள் பாதி அரைபட்டதும் செக்காட்டுபவர் கருப்பட்டியை உடைத்து உள்ளே போடுகிறார். அதுவரை பொலபொலவென்று சுற்றிக்கொண்டிருந்த மாவு கருப்பட்டியின் பசையில் திரண்டு உரலின் சுவரில் ஒட்டுகிறது. உலக்கை அதை நசுக்கும்போது எண்ணெய் தனியே பிரிந்து அடியில் கசிகிறது. வாகை மரத்தில் செய்த செக்கு அதிகம் சூடேறாது என்பார்கள். எள்ளில் ஏறத்தாழ பாதி எண்ணெய்தான். அதிலுள்ள செசமோல், செசமின் முதலியவை எண்ணெய் சிக்கடிக்காமல் நெடுநாள் காக்கின்றன. ஓராண்டு வீட்டுப் பானையில் வைத்திருக்கக்கூடிய எண்ணெய் என்பதாலேயே அது வாராந்திரப் பழக்கத்துக்குத் தாங்கியது.

எண்ணெய் பூசுவது உலகில் பல இடங்களில் உண்டு. ரோமர்கள் குளியல் கூடங்களில் ஒலிவ எண்ணெய் பூசி, வளைந்த உலோகத் தகட்டால் அழுக்கோடு வழித்தெடுத்தார்கள். அவர்களுடைய காசுகள் மதுரையிலும் கிடைத்துள்ளன. இங்கே தகடு தேவைப்படவில்லை, இலையும் காயும் இருந்தன. உசில மரத்தின் இலையை நிழலில் உலர்த்தி இடித்தால் அரப்பு. உசிலம்பட்டிக்கு அந்த மரத்தாலேயே பெயர் வந்தது என்பார்கள். அரப்பிலும் சீயக்காயிலும் உள்ள சபோனின் என்ற பொருள் நீரில் நுரைத்து எண்ணெயைத் துளித்துளியாகப் பிரிக்கிறது. சோப்பைப் போலத் தோலின் எண்ணெய்ப் பசையை முழுக்க உரிப்பதில்லை. அதனால் குளித்தபின்னும் ஒரு மினுமினுப்பு நிற்கும்.

இந்தக் குளியலால் மனச்சோர்வு தணிவதற்கான காரணங்களும் இதே வரிசைக்குள் அடங்கியவை. நிதானமான, அழுத்தமான கைத்தொடுகை தசை இறுக்கத்தைத் தளர்த்தி நாடித்துடிப்பைக் குறைக்கிறது. சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்று தனிக் கலையாக்கி, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலிய ஒன்பது வகையாகப் பிரித்தது. வெந்நீர் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. குளித்து முடித்ததும் உடம்பின் உட்சூடு வெளியேறி இறங்குகிறது. இறங்கும்போது தூக்கம் வருகிறது. பகலில் தூங்காதே என்ற விலக்கு இந்தத் தூக்கத்தை இரவுக்கு ஒதுக்கிவைக்கிறது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இது சிறிய நன்மையன்று. இவற்றையெல்லாம்விட, வேலைக்குப் போகாமல் அரைநாள் உட்கார்ந்திருக்க இந்தக் குளியல் அனுமதி கொடுத்தது என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

பழக்கம் நின்றதற்குக் காரணங்கள் தெளிவு. வைகைப் படித்துறைகளில் ஆண்டில் பாதிநாள் தண்ணீர் இல்லை. அண்டாவும் விறகடுப்பும் இருந்த கொல்லைப்புறம் அடுக்குமாடி வீட்டில் இல்லை. குளியலறைக் குழாய் எண்ணெயையும் சீயக்காய்ச் சக்கையையும் தாங்குவதில்லை. 1983இல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு, பாக்கெட்டில் கிராமம் கிராமமாகப் போனது. அரைமணி நேரம் ஊற வேண்டிய தேவையை அந்தப் பாக்கெட் போக்கிவிட்டது. தலைக்குக் குளிப்பது தினசரி வேலையானபோது எண்ணெய் நாள் என்று ஒன்று தனியே நிற்கவில்லை.

ஸ்பா என்ற பெயர் பெல்ஜியத்தில் இரும்புச்சத்து ஊற்றுகளுக்குப் பேர்போன ஓர் ஊருடையது. ஐரோப்பிய மரபின் வேர் நீரில் இருக்கிறது. நோயாளிகள் ஊற்றைக் குடித்தார்கள், அதில் அமிழ்ந்தார்கள். கையால் தேய்த்துவிடும் வைத்தியம் அங்கே புகழ்பெற்றதில் ஓர் இந்தியருக்குப் பங்குண்டு. பாட்னாவில் பிறந்த தீன் முகமது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் கொண்ட கூடம் நடத்தினார். 1822இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர்கள் அவரிடம் சிகிச்சை பெற்றார்கள். எனவே மதுரை விடுதியில் இன்று கிடைக்கும் ஸ்பா முழுக்க வெளியிலிருந்து வந்ததன்று. எண்ணெய் அங்கே தங்கியிருக்கிறது. அரப்புக்கு ஷாம்பு, சாம்பிராணிக்கு வாசனை எண்ணெய் விளக்கு, மிளகு ரசத்துக்கு மூலிகைத் தேநீர் என்று மற்றவை மாறியுள்ளன. விட்டுப்போனது இடைவெளிதான்: ஆண்டுக்கு ஓரிரு முறை போகும் ஸ்பா, நாலாம் நாள் முறையின் இடத்தை நிரப்பவில்லை.

எண்ணெய்க் குளியல் அறுபடாமல் இருக்கும் இடம் ஒன்று உண்டு, பச்சைக்குழந்தை. மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பேறு பார்த்துப் பழகிய மூதாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தடவிக் கைகால் நீவிக் குளிப்பாட்டுகிறார். நீவுவதில் குறையில்லை. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதைக் குழந்தை மருத்துவர்கள் கடுமையாகத் தடுக்கிறார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தொண்டைச் சளி எடுப்பதாக வாயில் ஊதுவதும் விரல் விடுவதும் இதே கணக்கில் விலக்க வேண்டியவை.