முப்பது ஹெர்ட்ஸில் ஒரு பாகப்பிரிவினை

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம் ஆச்சு. இப்போதெல்லாம் கையெழுத்து வேணுமென்றால்தான் ஊருக்கு என் ஞாபகம் வருகிறது. இந்த முறை பாகப்பிரிவினை. தாத்தா 1964-ல் வாங்கின நிலத்தின் கிரயப் பத்திரத்தையும், பத்திர எழுத்தர் போட்ட வரைவையும் தம்பி ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தான். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுண்ணே, ஒரு நல்ல நாள் பாத்துப் பதிஞ்சிடலாம்."

இருபது வருஷமாக அடுத்தவர் பத்திரத்தை வரிவரியாகப் படித்து, வில்லங்கம் பார்த்து, கடன் கொடுக்கிறவன் நான். சொந்தப் பத்திரத்தைப் படிக்க முடியவில்லை! அந்தக் காலத்துக் கட்டைப் பேனா கையெழுத்து. என்னுடையதோ 2016-ல் வாங்கின 14 அங்குல லேப்டாப், 1366-க்கு 768 பிக்ஸல். பெரிசாக்கினால் வரி திரையை விட்டு ஓடிவிடும், சிறிசாக்கினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கூடவே எனக்கு வெள்ளெழுத்து வேற. பிரிண்ட் எடுத்தால் போச்சு என்பீர்கள். எடுத்தேன். பக்கம் முழுக்கக் கறுப்பு மைதான் வந்தது.

"லேப்டாப்பையே மாத்திடுங்களேன்" என்றார் தங்கமணி. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற மாசம், அதெல்லாம் நடக்காது. 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று மட்டும் வாங்கினேன். 3840-க்கு 2160, அதாவது பழைய திரையைப் போல எட்டு மடங்கு பிக்ஸல்.

ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினதும் படம் பளிச்சென்று வந்தது. மவுஸை அசைத்தால்தான் அம்புக்குறி யோசித்து யோசித்து வருகிறது. பக்கத்தைக் கீழே இறக்கினால் எழுத்தெல்லாம் குதிக்கிறது. அரை மணியில் தலைவலி. சாந்தினி மார்க்கெட் கடைக்காரர், "கேபிள்தான் கோளாறு தாதா" என்று வேறொன்று கொடுத்தார். அதே கதை. அதைவிட விலை கூடினது ஒன்று கொடுத்தார். அதே கதை.

அப்புறம்தான் டிஸ்ப்ளே செட்டிங்கைப் பார்த்தேன். 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. 60 பட்டியலிலேயே இல்லை. என் லேப்டாப்பில் இருப்பது ஹெச்டிஎம்ஐ 1.4. நம்ம பாஷையில் சொன்னால், அதன் லிமிட் 340 மெகாஹெர்ட்ஸ். 4கே படத்தை நொடிக்கு 30 தடவை அனுப்ப 297 போதும், 60 தடவை அனுப்ப 594 வேணும். எந்த மேனேஜர் சாங்ஷன் பண்ணுவான்? துளையே அப்படி இருக்க, கேபிளை மாற்றி என்ன பிரயோஜனம்? தண்டம் அழுததுதான் மிச்சம் :-)

பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு துளை, இத்தனை வருஷமாகத் தூசி சேர்த்துக்கொண்டு. மினி டிஸ்ப்ளேபோர்ட், 1.2. அதுக்கு 4கே-யை 60 ஹெர்ட்ஸில் அனுப்பத் தெம்பு உண்டு. கடைக்காரர் மினி டிஸ்ப்ளேபோர்ட்டை ஹெச்டிஎம்ஐ ஆக்குகிற குட்டி அடாப்டரை நீட்டினார். அந்த விலை குறைந்த ரகத்தைப் போட்டால் என் லேப்டாப் திரும்ப 30-க்கே போய்விடும். இந்தத் தடவை ஏமாறவில்லை. ஒரு பக்கம் மினி, மறுபக்கம் முழு டிஸ்ப்ளேபோர்ட் உள்ள நேர் கேபிள்தான் வேணுமென்று நின்று வாங்கினேன். 60 வந்தது. எழுத்தை 150 சதவீதமாக்கினேன். அம்புக்குறி வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி போனது.

இடது பக்கம் பழைய பத்திரம், வலது பக்கம் வரைவு. சொத்து விவரத்துக்கு வந்தேன். தாத்தா வாங்கினபோது நிலத்தோடு கிணற்றில் சரிபாதி பாத்தியமும், வண்டித்தடமும் சேர்த்து எழுதியிருக்கிறது. வரைவில் அது இரண்டும் தம்பி பங்கில் மட்டும். என் பங்குக்கு நிலம் உண்டு, போக வழி இல்லை.

"நீங்க அங்க போய்த் தண்ணி இறைக்கப் போறீங்களா?" என்றார் தங்கமணி. இறைக்கப் போவதில்லைதான். ஆனாலும் போன் போட்டேன்.

"எழுத்தர் விட்டிருப்பார்ண்ணே, நான் சரியாப் பாக்கல" என்றான்.

"ரெண்டு பேருக்கும் பொதுன்னு எழுதச் சொல்லிடுடா."

"சரிண்ணே."

அந்தச் 'சரி' கொஞ்சம் லேட்டாகத்தான் வந்தது. சிக்னல் கோளாறா, அங்கேயும் 30 ஹெர்ட்ஸா, தெரியவில்லை.