கழிப்பறைக்குப் போகும் வழி

தங்குமிடத்துக்காகத் தொலைபேசியில் பேசியபோது மறுமுனையில் இருந்தவர் மூன்று முறை கேட்டார்: "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா?" நானும் அம்மாவும் மட்டும்தான் என்று மூன்று முறையும் சொன்னேன். "ஃபேமிலிக்குத்தான் குடுக்கிறது" என்றார். அம்மாவும் மகளும் ஃபேமிலி இல்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு முன்பணம் அனுப்பச் சொன்னார்.

அம்மாவுக்கு 63 வயது. கல்யாண வீடு, சாவு வீடு, பிரசவ ஆஸ்பத்திரி, குலதெய்வக் கோயில். இந்த நான்கைத் தவிர வேறெங்கும் அவர் தன் வீட்டுக்கு வெளியே இரவு தங்கியதில்லை. நான்கிலும் வேலை செய்வதற்காகத்தான் தங்கினார். அப்பா போன பிறகு ஒருநாள், "வரையாடு வரையாடுன்னு சொல்றாங்களே, அது நம்ம ஆடு மாதிரியேதான் இருக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை மூணாறுக்குக் கூட்டிப் போனது.

மதுரையிலிருந்து தேனி, போடி வழியாகப் போனோம். போடிமெட்டு ஏற்றத்தில் எங்கள் பேருந்தைத் தாண்டி ஜீப்புகள் போயின. ஒவ்வொன்றிலும் ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், மடியில் தூக்குவாளியோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். "இவங்களும் மலைக்குத்தான் போறாங்க" என்றார் அம்மா. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது மரப்பலகை கேபின். தகரக் கூரை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டில்கள், ஒரு சன்னல். இயற்கையோடு எளிமையாக வாழலாம் என்றுதான் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த எளிமையில் ஒன்று, கழிப்பறை கேபினுக்குள் கிடையாது. எல்லோருக்கும் பொதுவாகச் சரிவின் கீழே இருந்தது. பகலில் எண்ணிப் பார்த்தேன், நாற்பது தப்படி.

அக்டோபர் மாதம். சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா தண்ணீரைத் தொடவே இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், அதையும் ஒரே மிடறில் விழுங்கினார். எனக்குக் காரணம் புரிந்தது. நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி இருக்கும். கீழ்க் கட்டில் கிரீச்சிட்டது.

"என்னம்மா, தூங்கலையா?"

"ஒண்ணுமில்ல. விடியட்டும்."

விடிய நான்கு மணி நேரம் இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கதவைத் திறந்ததும் இருவருமே நின்றுவிட்டோம். மழை விட்டிருந்தது, எங்கும் பனிமூட்டம். யானை வரலாம், சிறுத்தை வரலாம். ஆனால் நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டது மனிதக் காலடிக்காக. மற்ற கேபின்களில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் தூங்கிவிட்டார்களா என்பதுதான் என் கவலை. காட்டு ஓரத்தில் நின்றுகொண்டும் நமக்கு முதலில் வரும் பயம் ஊரிலிருந்து கொண்டுவந்த பயம்தான்.

திரும்பி வந்து போர்வைக்குள் புகுந்ததும் அம்மா பேச ஆரம்பித்தார். உசிலம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன புதிதில் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கழிப்பறை இல்லை. விடிவதற்கு முன்னால் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை, சீமைக்கருவேல மரங்களுக்குப் பின்னால். தூரத்தில் சைக்கிள் டைனமோ வெளிச்சம் தெரிந்தால் எல்லோரும் சேலையை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார்களாம். வெளிச்சம் போனதும் மறுபடி உட்காருவார்களாம். "பொழுது சாஞ்சா தண்ணி குடிக்க மாட்டோம். நீ வயித்துல இருந்தப்பகூட. உங்க அப்பா வயலுக்குப் போற வழியில எங்க வேணா நிப்பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குப் பயந்து ஏழு வருடம் மதியம் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள் நான்.

மறுநாள் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போனோம். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வேட்டைக்கென்று வைத்திருந்த மலை அது. 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் நம்மைப் போன்றவர்களை விடுவது ராஜமலைப் பகுதியில் மட்டும்தான், அதுவும் வனத்துறை வண்டியில். குட்டி ஈனும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவை மூடிவிடுகிறார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "ஆட்டுக்காவது பிரசவ லீவு குடுக்கிறாங்களே" என்றார்.

வரையாடுகள் பாறைச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தன. பெட்டைகளும் குட்டிகளும்தான் அதிகம். வளர்ந்த கிடாக்கள் வருடத்தின் பெரும்பகுதி தனிக் கூட்டமாகத் திரியும். "நம்ம ஆடுதான். கொஞ்சம் திமிரு ஜாஸ்தி" என்று அம்மா தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் கேபின்களைக் கூட்டிக் கழிப்பறை கழுவும் அக்காவோடு அம்மா பேச்சுக் கொடுத்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். 58 வயதில் வேலை முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. வீடு கம்பெனியுடையது.

2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸைப் பாதியாகக் குறைத்ததுதான் தொடக்கம். அன்றைக்கு அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத்து ஆண் தலைவர்களைக் கிட்டேயே வரவிடாமல், பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தாங்களே பேசி 20 சதவீதத்தை வாங்கினார்கள். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன், வகுப்பில் பேசியும் இருக்கிறேன். அந்த அக்காவின் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் என்றதும் எனக்குப் புல்லரித்தது. ஆனால் அம்மா கேட்ட கேள்வி என் வாயில் ஒருநாளும் வந்திருக்காது.

"அத்தன பொம்பளைங்க அத்தன நாள் ரோட்டுல உக்காந்திருந்தீங்களே, ஒதுங்க எங்கம்மா போனீங்க?"

அக்கா சிரித்தார். "தோட்டத்துல முப்பது வருஷம் எங்க போனாங்களோ அங்கதாம்மா. செடி மறைவுல."

பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னார்: "இங்க வர்றவங்க தகரத்துல மழை விழுற சத்தம் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. பெட்டிமுடிக்கு அப்புறம் எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டா தூக்கம் வராது." 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையைத் தாண்டி இருக்கும் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போய்விட்டார்கள். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்து, செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. நாங்கள் வரையாடு பார்த்துவிட்டு வண்டி திரும்பிய இடத்திலிருந்து அதிக தூரமில்லை.

ஒற்றை அறை, தகரக் கூரை, வெளியே பொதுக் கழிப்பறை. நான் இரண்டு இரவுக்குக் காசு கொடுத்து வாங்கிய எளிமையை இந்த மலையில் மூன்று நான்கு தலைமுறைப் பெண்கள் வாழ்ந்து தீர்த்திருக்கிறார்கள். திரும்பிப் போக வேறொரு வீடு இருப்பவர்களுக்குத்தான் இது விடுமுறை. அதற்காக அம்மாவை அழைத்துவந்ததைத் தவறென்று நினைக்கவில்லை. பெண்கள் ஊர் சுற்ற வேண்டும், காரணமில்லாமல் போய்த் தங்க வேண்டும். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு என்னென்ன தேவை என்று எண்ணிப் பார்த்தால், ஒரு விளக்கு, உள்ளே போட ஒரு தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், அதைக் கழுவி வைக்க விடியற்காலையில் எழும் இன்னொரு பெண். கடைசியாகச் சொன்னவரின் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் என் சுதந்திரத்தைப் பற்றிப் பேச எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா ஒரு டம்ளர் கட்டன் சாயா குடித்தார். அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீரும். நான் அவரையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்னடி? தாகமா இருக்கு" என்றார்.

நடுராத்திரி கட்டில் கிரீச்சிட்டது. நான் எழுவதற்குள் டார்ச்சை எடுத்துக்கொண்டார். "நீ தூங்கு பாப்பா. வழி தெரியும்."

கதவு திறந்தது. நாற்பது தப்படியையும் படுத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தேன்.