மூச்சை எண்ணுங்க பாஸ்!

மொபைல்ல ஸ்டாப்வாட்ச் இருக்கா? தூங்குற ரூம்மேட்டோட நெஞ்சைப் பாருங்க. ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குற லேப் ரெக்கார்டு வேலையெல்லாம் இங்கே செல்லாது. 12-லேர்ந்து 20-க்குள்ள வந்தா நிம்மதியா தூங்கட்டும். காய்ச்சலோட 30-ஐத் தொட்டா, உடனே ஆட்டோ பிடிங்க.

ஆவடியில நாங்க நாலு பேர் வாடகைக்கு இருக்கோம். போன டிசம்பர்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல். தெருமுனை மெடிக்கல் ஷாப்புல, சீட்டே கேட்காம மூணு அஸித்ரோமைசின் கொடுத்தாங்க. மூணாம் நாள் உடம்பைத் தூக்கிப் போடுற குளிர். இருமினா துரு நிறத்துல சளி. 'மூச்சு இழுத்தா விலாவுல குத்துதுடா'ங்கிறான். மறுநாள் பிராக்டிகல்ங்கிறதால ஆஸ்பத்திரி வேணாம்னு அடம் வேற! மாடி ரூம் மெக்கானிக்கல் சீனியர் வந்தார். எதுவும் பேசலை, எண்ணினார். 32.

அரசு மருத்துவமனையில எக்ஸ்-ரே எடுத்தாங்க. கறுப்பா தெரிய வேண்டிய நுரையீரலோட வலது கீழ்ப்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. காத்து இருக்க வேண்டிய குட்டிக் குட்டி அறைகள்ல சீழும் நீரும் ரொம்பிடுச்சாம். நிமோனியா!

யாரை அட்மிட் பண்றதுன்னு முடிவெடுக்க டாக்டர்கள்கிட்ட 'கர்ப்-65'னு ஒரு கணக்கு இருக்கு. மனக்குழப்பம், ரத்தத்துல யூரியா, மூச்சு வேகம், குறைஞ்ச பி.பி., 65 வயசு... ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க். மார்க் கூடினா இங்கேயும் அட்மிஷன்தான், ஆனா வார்டுல. நம்மாளுக்கு ஒரே மார்க்தான். ஆனா, விரல்ல மாட்டின ஆக்ஸிமீட்டர் 90 காட்டினதால படுக்க வெச்சுட்டாங்க.

அந்தக் கருவி நம்ம இனம் கண்டுபிடிச்சது பாஸ்! 1970-கள்ல ஜப்பான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர் டகுவோ அவோயாகி கொடுத்த ஐடியா. சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி ரெண்டையும் விரல் வழியா அனுப்பி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுதுன்னு பார்த்து ஆக்ஸிஜன் அளவைச் சொல்லிடும். ஊரே ஆக்ஸிமீட்டருக்கு அலைஞ்ச 2020-ல, ஏப்ரல் மாசம் அந்த மனுஷன் இறந்துட்டார்.

ஆன்டிபயாடிக் ஊசியில மூணு நாள்ல காய்ச்சல் இறங்குச்சு. அப்புறம் மாத்திரை. 'நல்லாயிட்டோம்னு நடுவுல நிறுத்தாதே'ன்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னார். சளியை டி.பி. டெஸ்ட்டுக்கும் அனுப்பினாங்க. நம்ம ஊர்ல அது முக்கியம். லீவோஃப்ளாக்சசின் மாதிரி சில மருந்துகளை நாமளா வாங்கி முழுங்கினா, டி.பி. கொஞ்ச நாள் அடங்கின மாதிரி நடிச்சு, கண்டுபிடிக்கிறதே தள்ளிப்போயிடும். ரெண்டு வாரம் தாண்டின இருமல்னா சளி டெஸ்ட் கட்டாயம்.

தடுக்க வழி? நிமோனியாவைக் கொண்டுவர்ற பாக்டீரியாக்கள்ல முக்கியமான வில்லன் நியூமோகாக்கஸ். அதுக்கான குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தைத் தமிழ்நாட்டுல 2021 ஜூலையில, நம்ம பக்கத்து பூந்தமல்லியிலதான் தொடங்கினாங்க. 6 வாரம், 14 வாரம், 9 மாசம்னு மூணு டோஸ், இலவசம். அக்கா குழந்தைக்குப் போட்டாச்சான்னு ஒரு போன் போடுங்க. வீட்ல 65 தாண்டின தாத்தா, பாட்டி, சுகர் இருக்கிற அப்பா இருந்தா, அவங்களுக்கும் தடுப்பூசி இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.

தம் பார்ட்டிகளே, நுரையீரலைக் கூட்டிச் சுத்தம் பண்ற மெல்லிய ரோமங்களை முதல்ல முடக்குறது உங்க புகைதான். எங்க ரூம்ல இப்போ டீக்கடை வரைக்கும் துணைக்குப் போக ஆளில்லை.