நள்ளிரவில் யாரோடு பேச்சு?

இரவு 11 மணிக்குக் கைபேசியை அலமாரிமேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலை 5 மணி வரை யாரும் அதைத் தொடவில்லை. ஆனால் ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி வேறு கணக்குச் சொன்னது. அதில் ஓடும் பை-ஹோல் மென்பொருள், வீட்டுக் கருவிகள் எந்தெந்த இணையப் பெயரைத் தேடுகின்றன என்று குறித்துவைக்கும். அந்த ஆறு மணி நேரத்துக்கு என் கைபேசியின் கணக்கில் பக்கம் பக்கமாக வரிகள்.

உளவுதான் என்று முடிவுகட்டி, கண்ணில் பட்ட பெயர்களையெல்லாம் தடுத்தேன். வைஃபை குறியில் ஆச்சரியக்குறி முளைத்தது. செய்திகள் வந்தும் மணி அடிக்கவில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொரு பெயரிடமும் ஊர் பேர் விசாரிக்கத் தொடங்கினேன்.

முதல் ஆள், கனெக்டிவிட்டிசெக்.ஜிஸ்டாடிக்.காம். ரயில் நிலைய வைஃபையில் இணைந்தால் கைபேசி எண்ணைக் கேட்டு ஒரு பக்கம் வருமே, அப்படி ஏதாவது குறுக்கே நிற்கிறதா என்று ஆண்ட்ராய்டு சோதிக்கும் இடம் அது. பதிலாக 204 என்ற எண் மட்டும் வர வேண்டும். 'உள்ளடக்கம் எதுவும் இல்லை' என்று அதற்குப் பொருள். 1996-இல் வெளியான ஹெச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே உள்ள குறியீடு. வெறும் பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. பக்கம் ஏதாவது வந்தால் நடுவில் யாரோ நிற்கிறார்கள்.

அடுத்தவர், எம்டாக்.கூகுள்.காம். செயலிகள் தனித்தனியே காவல் காத்து பேட்டரியைத் தீர்க்காமல், எல்லாருக்குமான அறிவிப்புகளை ஒரே இணைப்பில் கொண்டுவரும் பொதுத் தபால்காரர். இவரைத் தடுத்ததால்தான் மணி அடிக்கவில்லை.

ஆனால் இயங்குதளம் பேசுவது இவ்வளவோடு நிற்பதில்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2021-இல் அளந்து பார்த்தார். சும்மா கிடக்கும்போதும், பகிர்வை இயன்றவரை குறைத்த பிறகும், ஆண்ட்ராய்டும் ஐபோனும் சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒருமுறை தம் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்பின.

மிஞ்சியவை இரண்டு விளம்பரப் பெயர்கள். கேட்டது எந்தச் செயலி என்று பை-ஹோலுக்குத் தெரியாது. ரூட் செய்யாமலே, அதாவது இயங்குதளத்தின் முழு அதிகாரத்தைக் கைப்பற்றாமலே, செயலிவாரியாகக் காட்டும் பிசிஏபிட்ராய்டு என்ற செயலியை நிறுவினேன். அகப்பட்டது ஒரு நாள்காட்டிச் செயலி. நல்ல நேரம் பார்க்க இறக்கி, இரண்டு வாரமாகத் திறக்காதது. இலவசமாகத் தருவதற்காக அதற்குள் வைத்த விளம்பர நிரல்தான் இரவெல்லாம் விழித்திருந்தது.

முதலில் அதன் பின்னணி டேட்டாவை நிறுத்தினேன். அந்தப் பொத்தான் சிம் டேட்டாவுக்குத்தான் பூட்டு. வைஃபையில் பேச்சு தொடர்ந்தது. செயலியையே நீக்கினேன். அந்த இரு விளம்பரப் பெயர்களின் தடையைப் பை-ஹோலில் அப்படியே விட்டுவைத்தேன். முதல் இரு பெயர்களுக்கும் தடையை விலக்கினேன்.

மறுநாள் காலையிலும் வரிகள் இருந்தன, முன்னைவிடக் குறைவு. நடுவில் அந்த 204-ஐத் தேடிப் போன வரி. ஒன்றுமில்லை என்ற பதிலைக் கேட்டு வாங்கவும் கைபேசி வெளியே போய்த்தான் வர வேண்டியிருக்கிறது.