மேடையில் கணினி, கட்டையில் கமகம்

பேரூரிலும் மருதமலையிலும் நாகஸ்வரமும் தவிலும் கேட்டுப் பழகிய செவிக்கு, பக்தி இசை மேடையில் மின்னணுப் பியானோவும் மடிக்கணினியும் அமர்ந்திருப்பது எளிதில் ஒப்பக்கூடிய காட்சியன்று. வீணை ஒலிக்கிறது, வீணையைக் காணோம். குழல் ஒலிக்கிறது, ஊதுபவரைக் காணோம். ஓர் இளைஞர் 88 கட்டைகளின் மேல் விரலோட்டுகிறார், அவ்வளவே.

கட்டையை அழுத்தும்போது கணினிக்குச் செல்வது ஒலியன்று. எந்தக் கட்டை, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் குறிப்பு மட்டுமே செல்கிறது. 1983இல் நடைமுறைக்கு வந்த ‘மிடி’ என்னும் பொதுவிதி இதற்கு வழி செய்தது. மெய்யான வாத்தியத்தை ஒரு கலைஞர் வாசிக்க, ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து சேமித்த ஒலிகளிலிருந்து உரியதை மென்பொருள் எடுத்துக் கொடுக்கிறது. அங்கே கேட்பது, எங்கோ ஒருவர் எப்போதோ மீட்டிய தந்தியைத்தான்.

எடுத்துக் கொடுப்பதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். விநாடியில் நூறில் ஒரு பங்கு தாமதமெனில் கவலையில்லை. பதினோரடி தள்ளி அமர்ந்தவரின் வாசிப்பு காதை எட்டவே அவ்வளவு நேரமாகும். அதுவே ஐந்து மடங்கானால் மிருதங்கத்தோடு ஒட்டாது. (வங்கியில் கணினி நின்றால் வரிசை முணுமுணுக்கும், மேடையில் நின்றால் பல்லவியே நின்றுவிடும்.) ஆகவே அனுபவமுள்ளவர்கள் இணையத் தொடர்பைத் துண்டித்து, மின்தடைக்கு யுபிஎஸ் வைத்து, கணினி கைவிட்டால் பியானோவின் சொந்த ஒலிக்கு மாறவும் ஆயத்தமாயிருப்பர்.

தாமதத்தினும் பெரிய சிக்கல் கமகம். அசையாத கட்டையில் தோடியின் காந்தாரம் எப்படி அசையும்? இதே குறையைச் சொல்லித்தான் 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் தடை தளர்ந்தது. இன்று இடக்கையால் ஒரு சிறு சக்கரத்தை உருட்டி ஸ்வரத்தை வளைக்கலாம். கீபோர்டு சத்யநாராயணன் அம்முறையில் முழுக் கர்நாடகக் கச்சேரிகளே நிகழ்த்தி வருகிறார். பல மின்னணுப் பியானோக்களில் அச்சக்கரம் இருப்பதில்லை. பேரப்பிள்ளைக்கு வாங்கித் தருவோர் அதைக் கேட்டு வாங்குவது நலம்.

அந்நியக் கருவி என்பதற்காக மட்டும் ஒதுக்கினால், பாலுசுவாமி தீட்சிதர் கர்நாடக இசைக்குக் கொணர்ந்த வயலினையும் ஒதுக்கியிருக்க வேண்டும். அவர் தமையனார் முத்துசுவாமி தீட்சிதரோ மேலைநாட்டு மெட்டுகளுக்கே தெய்வத் துதிகள் புனைந்தவர்.

எனினும் வயலினை வாசிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தீபாராதனை வேளையில் முரசும் மணியும் முழக்கிவந்த கைகளுக்குப் பதிலாகப் பல கோயில்களில் மோட்டார் பொருத்திய இயந்திரம் நிற்கிறது. நாகஸ்வரமும் அவ்வழியே பெட்டிக்குள் புகுந்தால், சீவாளியில் மூச்சைத் தேய்த்த குடும்பங்களின் அடுப்பு என்னாவது? பஜனை மேடையில் கணினி அமரட்டும், தடையில்லை. சுவாமி புறப்பாட்டின் முன்னே நடக்க அதற்கு உரிமையில்லை. பழனியில் திருக்கோயிலே நாகஸ்வர, தவில் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. அதில் தேறி வரும் பிள்ளைகளைக் கொங்கு வட்டாரத்துத் திருவிழாக்கள்தாம் முதலில் அழைக்க வேண்டும். விழாப் பத்திரிகையில் அவர்கள் பெயரும் அச்சாக வேண்டும்.